போர் விமான மாடல்களுக்கு ஆஃப்டர்மார்க்கெட் டெக்கால்: செட்டிநாட்டு மாடலர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் இரண்டாம் உலகப் போர் விமானங்களை 1/72, 1/48 அளவுகளில் செய்பவர்களுக்காக இந்தப் பக்கம். தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் டெக்கால், அதாவது விமானத்தின் சின்னங்களும் எழுத்துகளும் அச்சான ஒட்டுப்படம் பற்றித்தான் பேச்சு. கிட் பெட்டியோடு வராமல் தனியாக வாங்கும் ஷீட்டுகளுக்கே முதலிடம். ஒட்டும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

கிட்டிலேயே டெக்கால் வருகிறது. தனியாக எதற்கு?

பெட்டியில் வருவது இரண்டு மூன்று விமானங்களுக்கான அடையாளங்கள். அதே கிட்டை வாங்கிய அத்தனை பேரும் அதே இரண்டு மூன்றைத்தான் செய்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது வேறு ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு), வேறு விமானி, வேறு போர்முனை என்றால் தனி ஷீட் தேவை. பழைய கிட் என்றால் ஷீட் மஞ்சளடித்திருக்கும், சிவப்பு ஒரு பக்கம் நகர்ந்து அச்சாகியிருக்கும், ஃபிலிம் தடித்திருக்கும். அப்போதும் மாற்றுவதே நல்லது.

ஏர்ஃபிக்ஸ், எடுவார்டு, ஆர்மா ஹாபி ஆகியோரின் புதிய கிட்களில் வரும் ஷீட் தரமானவை. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு "தனியாக வாங்கினால்தான் நல்லது" என்று செலவழிப்பது வீண்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

ஷீட்டை வெளியிடுபவர் ஒருவர், அச்சடிப்பவர் இன்னொருவர் என்பது வழக்கம். ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். இத்தாலியின் கார்ட்டோகிராஃப் என்றிருந்தால் நிறம் அடர்த்தியாகவும் ஃபிலிம் உறுதியாகவும் இருக்கும், டெக்காலை இளக்கப் போடும் எந்தத் திரவத்தையும் பெரும்பாலும் தாங்கும். போலந்தின் டெக்மாட் மெல்லியது, அழகாகப் படியும். ஆனால் ஒருமுறை படிந்தால் நகர்த்துவது கஷ்டம். உக்ரைனின் பிரிண்ட் ஸ்கேல் அதைவிட மெல்லியது, தண்ணீரிலேயே சுருண்டுகொள்ளும். தொடக்கக்காரர் அதில் முதல் ஷீட்டை எடுக்க வேண்டாம்.

லென்ஸ் வைத்து வட்டங்களை, அதாவது விமானம் எந்த நாட்டுடையது என்று காட்டும் வட்டச் சின்னங்களைப் பாருங்கள். நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே உள்ள வெள்ளை வளையம் எல்லாப் பக்கமும் ஒரே அகலமா? சில வெளியீட்டாளர்கள் சிவப்பு மையத்தைத் தனிப் புள்ளியாகத் தருவார்கள். ஒட்டும் வேலை இரட்டிப்பு, ஆனால் மையம் தவறாது. கேரியர் ஃபிலிம், அதாவது நிறத்தைத் தாங்கும் கண்ணாடி போன்ற படலம், எழுத்துகளின் விளிம்போடு நிற்கிறதா, இல்லை ஒரு வரி முழுவதையும் ஒரே துண்டாக மூடியிருக்கிறதா என்பதையும் சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு ஷீட் விலையை மிஞ்சும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே உறையில் வாங்குங்கள்.

செட்டிநாட்டு விமான ஓடுதளம் போர்க்காலத்தில் அமைத்ததுதானே? அதோடு தொடர்புள்ள டெக்கால் கிடைக்குமா?

ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தியதுதான். ஆனால் அதன் பெயரில் ஷீட் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். நம் ஊருக்கு நெருக்கமான கதை வேண்டுமென்றால் பர்மா போர்முனை இருக்கிறது. தாத்தாவின் கடை ரங்கூனிலோ மோல்மீனிலோ இருந்த வீடுகள் இங்கே ஏராளம். அந்த வானத்தில் பறந்த விமானங்களுக்கு நல்ல ஷீட்டுகள் உண்டு.

1941 டிசம்பர் 23-ஆம் தேதியும் 25-ஆம் தேதியும் ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு போட்டபோது எதிர்த்தவை மிங்கலடான் தளத்தில் இருந்த ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) பஃபலோக்களும், ஃப்ளையிங் டைகர்ஸ் எனப்பட்ட அமெரிக்கத் தன்னார்வப் படையின் பி-40 விமானங்களும். பி-40-க்கு ஷீட் எல்லா அளவிலும் கிடைக்கும்.

இந்திய விமானப்படை என்றால் 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் இருந்த 1-ஆம் ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன், 1945-இல் பர்மா மீது பறந்த 8-ஆம் ஸ்குவாட்ரனின் ஸ்பிட்ஃபயர் 8 ஆகிய இரண்டையும் முதலில் பாருங்கள். ஆர்.ஏ.எஃப். 152-ஆம் ஸ்குவாட்ரனின் ஸ்பிட்ஃபயர் 8-இல் வட்டத்தின் குறுக்கே ஒரு கருஞ்சிறுத்தை பாயும். 152-க்கு 'ஹைதராபாத்' என்ற பெயரும் உண்டு. அலமாரியில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அமெரிக்கத் தயாரிப்பான தண்டர்போல்ட் வேண்டுமா? ஆர்.ஏ.எஃப். அதைப் போரில் பயன்படுத்தியது பர்மா முனையில்தான். எதிர்த் தரப்பில் ஜப்பானியச் சண்டை விமானமான ஹயபுசா, அதிலும் வால் அம்புக்குறி போட்ட 64-ஆம் பிரிவு.

போர்க்கால இந்திய ஹரிக்கேனுக்குக் காவி, வெள்ளை, பச்சை வட்டம் ஒட்டலாமா?

கூடாது. மூவண்ண வட்டம் 1950-இல் வந்தது. போர்க்காலத்தில் இந்தியப் படையும் ஆர்.ஏ.எஃப். அடையாளத்தையே போட்டது.

அதிலும் பர்மா போர்முனைக்கென்று ஒரு தனி வழக்கம். ஜப்பானியச் சூரியன் சிவப்பு என்பதால், ஓடும் சண்டையில் குழப்பம் வராமல் இருக்க வட்டத்திலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டார்கள். வெளியே கருநீலம், உள்ளே வெளிர்நீலம், அவ்வளவுதான். வால் பட்டையும் இரண்டே நிறம்: வெளிர்நீலம் முன்புறம், கருநீலம் பின்புறம். கிட்டோடு வரும் ஐரோப்பிய வட்டத்தின் சிவப்பு மையத்தை வெள்ளைப் புள்ளியால் மூடி ஒப்பேற்றுவது சரிவராது. உள்வட்டம் தூய வெள்ளை அல்ல, வட்டத்தின் அளவும் வேறு.

அளவு சரியா என்று எப்படிச் சோதிப்பது?

உண்மையான அளவு அங்குலத்தில் தெரிந்தால் 25.4-ஆல் பெருக்கி, 72 அல்லது 48-ஆல் வகுங்கள். வருவது மி.மீ. கணக்கு.

பர்மா முனைச் சண்டை விமானங்கள் பலவற்றில் வட்டம் 16 அங்குலம்தான். 1/72-இல் 5.6 மி.மீ., 1/48-இல் 8.5 மி.மீ. ஐரோப்பாவில் 1942 நடுவிலிருந்து ஸ்பிட்ஃபயரின் உடற்பகுதியில் இருந்தது 36 அங்குல வட்டம்: 1/72-இல் 12.7, 1/48-இல் 19. வால் பட்டை 24 அங்குலச் சதுரம்: 8.5, 12.7. ஆர்.ஏ.எஃப். சீரியல் எண் 8 அங்குல உயரம்: 2.8, 4.2. ஸ்டீல் ஸ்கேலை ஷீட் மேல் வைத்துப் பாருங்கள். கால் மி.மீ. வித்தியாசத்தை விட்டுவிடலாம். ஒரு மி.மீ. தப்பினால் 1/72-இல் பளிச்சென்று தெரியும்.

இந்தக் கணக்கில் ஒரு லாபமும் இருக்கிறது. 1/72-இல் 24 அங்குலமும் 1/48-இல் 16 அங்குலமும் ஒரே 8.5 மி.மீ. அதேபோல 1/72-இல் 36, 1/48-இல் 24, 1/32-இல் 16 எல்லாமே 12.7. ஒரு அளவுக்கான ஷீட்டில் மீந்த வட்டம் இன்னொரு அளவுக்கு அப்படியே உதவும். மீதி ஷீட்டுகளைக் குப்பையில் போடாதீர்கள்.

ஷீட்டோடு வரும் வரைபடத்தை அப்படியே நம்பலாமா?

நம்பலாம், பாதி. வரைபடம் என்பது யாரோ ஒருவர் ஒரு பக்கப் புகைப்படத்தைப் பார்த்து மறுபக்கத்தை ஊகித்தது. இணையத்தில் அதே விமானத்தின் படத்தைத் தேடி எடுங்கள். எழுத்து வட்டத்துக்கு முன்னாலா பின்னாலா, எந்தப் பேனல் கோட்டை (தகடுகள் சேரும் கோடு) தொடுகிறது, சீரியல் எண்ணைப் பட்டை மறைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

தேதியும் முக்கியம். ஃப்ளையிங் டைகர்ஸ் விமானத்தில் பாயும் புலிச் சின்னம் 1942-இல் வந்தது. டிஸ்னி ஸ்டுடியோ வரைந்து கொடுத்தது அது. உண்மையான விமானத்திலும் அது டெக்கால்தான் என்பது கூடுதல் வேடிக்கை. 1941 டிசம்பர் ரங்கூன் சண்டையைக் காட்டும் மாடலில் புலி இருந்தால் தவறு. உடற்பகுதி எண்ணுக்கும் ஒரு வரிசை உண்டு: 1 முதல் 33 வரை முதல் ஸ்குவாட்ரன், 34 முதல் 66 வரை இரண்டாவது, 67 முதல் 99 வரை மூன்றாவது. வால் பக்கப் பட்டை முறையே வெள்ளை, நீலம், சிவப்பு. 77-ஆம் எண் விமானத்துக்கு நீலப் பட்டை காட்டும் வரைபடத்தைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

ஒட்டுவதற்கு முன் கிளாஸ் கோட் (பளபளப்பான கிளியர் பூச்சு) கட்டாயமா?

ஆம். டெக்கால் வேலையில் பாதி இதுதான்.

மேட் பெயிண்ட் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடு பள்ளம் நிறைந்தது. டெக்கால் மேடுகளின் மேல் நின்றுவிடும், பள்ளங்களில் காற்று சிக்கும். அந்தக் காற்றில் வெளிச்சம் சிதறுவதால் ஃபிலிம் வெள்ளி போல மின்னும். சில்வரிங் என்பது அதுதான். நம் பழைய வீடுகளில் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சைக் கைவைத்துப் பார்த்தால் எப்படி வழுக்குகிறதோ, இறக்கையும் அப்படி வழுக்க வேண்டும்.

ஏர்பிரஷ் இருந்தால் தமியாவின் பளபளப்புக் கிளியரான எக்ஸ்-22 ஒரு பங்கு, மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு, சுமார் 15 பி.எஸ்.ஐ., ஒரு சாண் தூரத்துக்குள். முதல் கோட் மெல்லிய தூவல். பத்து நிமிடம் கழித்து, மேற்பரப்பு ஈரமாகத் தெரியும் அளவுக்கு இரண்டாவது. தேவைப்பட்டால் மூன்றாவது. விளிம்பில் வழிந்தால் நிறுத்துங்கள். கோடையில் 24 மணி நேரம், மழைக்காலத்தில் 48 மணி நேரம் காயவிடுங்கள். தொட்டுப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்று முடிவெடுக்காமல் முகர்ந்து பாருங்கள். தின்னர் வாடை அடித்தால் இன்னும் காயவில்லை. அரைகுறையாகக் காய்ந்த எக்ஸ்-22 மேல் கடுமையான சாஃப்ட்னர் (டெக்காலை இளக்கும் திரவம்) பட்டால் கிளாஸ் வெளுக்கும், சுருங்கும். டெக்கால் மீது பழி போடுவோம், குற்றவாளி கிளாஸ்தான்.

ஏர்பிரஷ் இல்லாவிட்டால் எக்ஸ்-22-ஐ அகலப் பிரஷ்ஷால் மெல்ல இரண்டு கை பூசலாம். பெயிண்ட் கடையில் கார், பைக்குக்கு விற்கும் கிளியர் லாக்கர் ஸ்ப்ரே வேண்டாம். அதன் தின்னர் பெயிண்டைக் கரைத்து, பிளாஸ்டிக்கையும் கடிக்கும்.

எந்தத் தண்ணீர்?

போர்வெல் தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் உப்பு வளையம் படியும், கருநீலத்தின் மேல் அது திட்டுத் திட்டாகத் தெரியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் பல மாடலுக்கு வரும். ஆர்.ஓ. தண்ணீரும் சரி. பழைய ஷீட்டுக்கும் தடித்த ஃபிலிமுக்கும் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வையுங்கள்.

ஒட்டும் முறையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

புதிய பிளேடால் விளிம்பை ஒட்டி வெட்டுங்கள். வளைவில் கத்தரிக்கோலை விட பிளேடு நல்லது. ஷீட்டை இழுக்காமல், மேலிருந்து அழுத்தி வெட்டினால் ஃபிலிம் பிசிறாது. ட்வீசரால் பிடித்துப் பத்துப் பதினைந்து வினாடி தண்ணீரில் முக்கி எடுத்து, மடித்த டிஷ்யூ மேல் ஒரு நிமிடம் வையுங்கள். பசை இளகுவதற்கு அந்த ஈரமே போதும். கிண்ணத்திலேயே மிதக்கவிட்டால் டெக்கால் தானாகக் கழன்றுவிடும், பசையும் தண்ணீரோடு போய்விடும். பசை போன டெக்கால் ஒட்டியது போலத் தெரிந்து, மாதம் கழித்து ஓரம் தூக்கும்.

ஒட்டும் இடத்தில், பசைக்கு உதவும் மைக்ரோ செட் திரவத்தைத் தடவுங்கள். காகிதத்தை அந்த இடத்தருகே வைத்து, ஈரப் பிரஷ்ஷால் டெக்காலை நகர்த்துங்கள். காகிதத்தை உருவிக்கொள்ள வேண்டுமே தவிர டெக்காலை இழுக்கக் கூடாது. இடம் சரியானதும் ஈரமான காட்டன் பட்ஸை நடுவிலிருந்து வெளிப்பக்கம் உருட்டுங்கள். தேய்க்காதீர்கள், உருட்டுங்கள். தண்ணீரும் காற்றும் ஓரத்தில் குமிழ் குமிழாக வெளியேறுவது தெரியும்.

ஐந்து நிமிடம் கழித்து மேலே, ஃபிலிமை இளக்கும் மைக்ரோ சோல். டெக்கால் சுருங்கிக் கோரமாகும். அந்த நேரத்தில் விரல் வைத்தவர் ஷீட்டை இழந்தார். அரை மணியில் அதுவே இறுகிப் பேனல் கோட்டுக்குள் இறங்கும். இறங்காத இடத்தில் இன்னொரு கை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். ஒரு இறக்கையை முடித்துவிட்டு மறுபக்கம் திருப்பினால், ஈரமான டெக்கால் மேசையில் ஒட்டி நிற்கும்.

செட், சோல், சாஃப்ட்னர், ஃபிட்... எல்லாம் ஒன்றா?

இரண்டு ஜாதி. ஒட்டுமுன் கீழே போடுவது பசைக்கு உதவும், மெல்ல இளக்கும். மைக்ரோ செட் அது, பாட்டிலைத் திறந்தாலே வினிகர் நெடி வரும். மிஸ்டர் மார்க் செட்டரும் இந்த வகைதான். ஒட்டியபின் மேலே போடுவது ஃபிலிமையே இளக்கும்: மைக்ரோ சோல் மிதமானது, மிஸ்டர் மார்க் சாஃப்ட்னர் அதைவிடக் கொஞ்சம் வலுவானது, சால்வாசெட் மிகக் கடுமையானது. தமியா மார்க் ஃபிட்டில் சாதா, ஸ்ட்ராங் என்று வகை உண்டு.

எந்த ஷீட்டுக்கு எது ஒத்துப்போகும் என்பதற்கு ஒரே சோதனைதான். ஷீட்டில் வேண்டாத எழுத்து ஒன்றை, கிளாஸ் அடித்த பிளாஸ்டிக் ஸ்பூனில் ஒட்டிப் பாருங்கள். இதைச் செய்யாமல் 152-இன் சிறுத்தை மேல் சால்வாசெட் ஊற்றுவது அடாவடி.

மளிகைக் கடை வெள்ளை வினிகரில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்தால் செட்டுக்கு ஓரளவு மாற்றாகும். சோலுக்கு ஆகாது. நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போக வேண்டாம்.

ஒட்டியபின் வெள்ளி அடித்துவிட்டது. என்ன செய்வது?

புது பிளேடு முனையால் மின்னும் இடத்தில் நெருக்கமாகக் குத்துங்கள், மைக்ரோ சோல் விடுங்கள். துளை வழியே இறங்கிக் காற்றை வெளியேற்றும். காயவிட்டு மறுபடி. மூன்று நாளில் போகவில்லை என்றால் போகாது. சுற்றியுள்ள பெயிண்ட் நிறத்தை மெல்லிய பிரஷ்ஷால் ஃபிலிம் மேல் மட்டும் தொட்டு மறைத்துவிடுங்கள்.

பி-40 சுறா வாய் ஒட்டும்போது கிழிந்துவிடுகிறது.

கிழியத்தான் செய்யும். ஷீட் தட்டை, பி-40-இன் தாடை எல்லாப் பக்கமும் வளைவு. போதாக்குறைக்கு ஷீட்டை வரைந்தவர் ஏதோ ஒரு கம்பெனியின் கிட்டை வைத்து வரைந்திருப்பார். அகாடமிக்கு வரைந்தது ஏர்ஃபிக்ஸ் மூக்கில் ஒரு பல் தூரம் தள்ளி நிற்கும். வாங்கும்போதே எந்தக் கிட்டுக்கு என்று பாருங்கள்.

முதல் வேலை ஜெராக்ஸ். ஷீட்டை நூறு சதவீத அளவில் நகல் எடுத்து, வாயை வெட்டி, மாடலில் செலோடேப்பால் ஒட்டிப் பாருங்கள். எங்கே மடிகிறது, எங்கே போதவில்லை என்று பென்சிலால் குறியுங்கள். காற்று உள்ளிழுக்கும் திறப்பின் விளிம்பு, கீழே இரு பாதிகளும் சேரும் கோடு ஆகிய இரண்டும்தான் வழக்கமான தகராறு.

அடுத்து, ஒட்டுமுன்பே நாக்கின் சிவப்பும் பல்லின் வெள்ளையும் ஷீட்டோடு ஒத்துப்போகும்படி பெயிண்ட் கலந்து மூடியில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இது தேவைப்படாமல் போனதாகச் சரித்திரம் இல்லை.

வாயை ஒரே துண்டாக ஒட்ட வேண்டாம். பல் வரிசை முடியும் இடத்தில், நிறம் மாறும் கோட்டில் வெட்டி, ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று துண்டாக்குங்கள். வெட்டு நிறங்களின் எல்லையில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. கண்ணும் வாயின் மேல்முனையும்தான் முதலில். அங்கிருந்து கீழ்நோக்கி வாருங்கள். தாடை வளைவில் மடிப்பு நிற்கும் இடத்தில், மடிப்பின் நுனியிலிருந்து விளிம்பு வரை ஒரே ஒரு வெட்டு கொடுத்து, ஓர் ஓரத்தை மற்றதன் மேல் ஏற்றுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை ஐந்து வினாடி அழுத்திப் பிடித்தால் ஃபிலிம் இளகிப் படியும். அதற்குப் பிறகே சாஃப்ட்னர். கீழ்க்கோட்டில் இடைவெளி வந்தால் கலந்துவைத்த பெயிண்ட் இருக்கிறது.

உண்மையான விமானங்களில் சுறா வாயைக் கையால்தான் வரைந்தார்கள். இரண்டு விமானங்களில் பற்களின் எண்ணிக்கைகூட ஒன்றாக இருக்காது. உங்கள் பெயிண்ட் பூசிய பல் கொஞ்சம் கோணினால் யாரும் கேட்க முடியாது.

பர்மா முனை விமானங்களின் இறக்கையிலும் வாலிலும் போட்ட வெள்ளை அடையாளப் பட்டைகளை டெக்காலாக ஒட்டலாமா, பெயிண்ட் அடிக்கலாமா?

பெயிண்ட். தண்டர்போல்ட் இறக்கைப் பட்டை 28 அங்குலம், 1/72-இல் 9.9 மி.மீ., 1/48-இல் 14.8. வாலில் உள்ள வெள்ளைப் பட்டை 18 அங்குலம், 6.4, 9.5. அவ்வளவு பெரிய வெள்ளை டெக்கால் இறக்கையின் முன்விளிம்பைச் சுற்றி மடியும்போது சுருங்கும், கீழே உள்ள பச்சையும் லேசாகத் தெரியும். முதலில் வெள்ளையை அடித்து, அளந்து டேப் ஒட்டி மூடிவிட்டு, அதன்மேல் கமஃபிளாஜ் அடியுங்கள். ஜப்பானியச் சூரிய வட்டத்துக்கும் இதே யோசனைதான். காம்பஸ் கட்டரில் டேப்பை வட்டமாக வெட்டினால் போதும். நம்பர் பிளேட் ஸ்டிக்கர் கடையில் வினைல் வெட்டித் தருவார்கள், ஆனால் அதன் பசை பெயிண்டோடு உரிந்து வரும். வாங்கினால் முதலில் உள்ளங்கையில் நாலைந்து முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறையுங்கள்.

வெயில் காலத்தில், மழைக்காலத்தில் என்ன மாற்றம்?

கத்திரி வெயிலில் மைக்ரோ செட் நீங்கள் இடம் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். விடியற்காலை வேலை செய்யுங்கள், ஒவ்வொன்றாக நனையுங்கள். வளவில் வெளிச்சம் அருமையாக இருக்கிறது என்று அங்கே உட்காராதீர்கள். காற்றோடு வரும் தூசி ஈரக் கிளாஸில் உட்கார்ந்தால் எழாது. உள் அறை, மேசை விளக்கு, மின்விசிறி நிறுத்தம்.

ஐப்பசி, கார்த்திகையில் வேறு தொல்லை. லாக்கர் அடிக்கும்போது தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து, கிளியர் பால் போல வெளுக்கும். மழை பெய்யும் நாளில் அடிக்காதீர்கள். ஏற்கெனவே வெளுத்திருந்தால் உலர்ந்த நாளில் லெவலிங் தின்னரை மட்டும் மெல்லத் தூவினால் பெரும்பாலும் தெளியும்.

ஷீட்டுகளை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பையோடு படுக்கையாக வையுங்கள். இரண்டு ஷீட்டுகள் முகத்தோடு முகம் ஒட்டினால் பிரியாது, நடுவே மெழுகுத்தாள் வேண்டும். மரப் பெட்டியில் வைத்தால் வெள்ளிப்பூச்சி காகிதத்தைத் தின்னும்.

பழைய ஷீட் மஞ்சளாகிவிட்டது, தண்ணீரில் போட்டால் நொறுங்குகிறது.

மஞ்சளுக்கு மருந்து வெயில். ஜிப் கவருக்குள் வைத்து ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஓரிரு வாரத்தில் ஃபிலிம் வெளுக்கும். தினமும் பாருங்கள், நிறமும் வெளுக்கும் முன் எடுத்துவிடுங்கள்.

நொறுங்குவதற்கு மைக்ரோஸ்கேல் லிக்விட் டெக்கால் ஃபிலிமை அகலப் பிரஷ்ஷால் ஒரே கையில் பூசி, ஒரு நாள் காயவிடுங்கள். இனி ஷீட் முழுவதும் ஒரே படலம். ஒவ்வொரு எழுத்தையும் விளிம்பை ஒட்டி வெட்டினால்தான் பிரியும்.

சிவகாசியில் அச்சடித்துக்கொள்ளலாமா?

சிவகாசியில் முடியாதது அச்சில் குறைவு. ஆனால் டெக்கால் காகிதத்தை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். பீங்கானுக்குப் போடும் டிரான்ஸ்ஃபர் இதற்கு ஆகாது. அது சூளையில் சுடுவதற்கானது, படலம் தடிமன்.

சிக்கல் வெள்ளையில்தான். சாதாரண லேசர் பிரிண்டரிலும் இங்க்ஜெட்டிலும் வெள்ளை கிடையாது. வெளிர்நீலம் கமஃபிளாஜ் மேல் ஒட்டினால் மறைந்துவிடும். வெள்ளை டோனர் போடும் ஓக்கி வகை பிரிண்டர் உள்ள அச்சகத்தைத் தேடுங்கள். இல்லாவிட்டால் வெள்ளைப் பின்னணி டெக்கால் காகிதத்தில் அச்சடித்து விளிம்பு வரை வெட்டுங்கள். கருப்பு சீரியல் எண்ணுக்கு இந்தத் தலைவலி இல்லை, வீட்டு லேசரே போதும். இங்க்ஜெட் என்றால் நனைக்கும் முன் கிளியர் இரண்டு கோட் அடிக்காவிட்டால் மை கரையும். 1/72 ஷீட்டை 1/48 ஆக்க 150 சதவீதம், திரும்ப 1/72 ஆக்க 66.7.

ஜெர்மன் ஷீட்டில் ஸ்வஸ்திகா இல்லை, அல்லது துண்டு துண்டாக இருக்கிறது. அச்சுப் பிழையா?

இல்லை. ஜெர்மனியில் அதைக் காட்டுவதற்குச் சட்டத் தடை உண்டு, அதனால் பாதி பாதியாக அச்சிடுகிறார்கள்.

எடுவார்டின் புதிய டெக்காலில் ஃபிலிமையே உரித்துவிடலாம் என்கிறார்களே?

உரியும். ஒட்டி, முழுதாகக் காய்ந்தபின், விளிம்பைப் பிளேடு முனையால் தூக்கி ட்வீசரால் தாழ்வாக, பின்னோக்கி இழுக்க வேண்டும். மை மட்டும் பெயிண்ட் போல நிற்கும். மேலே கிளியர் அடித்துவிட்டால் உரிக்க முடியாது. ஆக, உரிப்பதா இல்லையா என்பதை முன்பே தீர்மானியுங்கள். சிறிய ஸ்டென்சில்களில் (பராமரிப்புக் குறிப்பு எழுத்துகள்) உரிக்கும்போது எழுத்தும் சேர்ந்து வரலாம். அவற்றை விட்டுவிடுங்கள்.

எல்லாம் ஒட்டியாயிற்று. அடுத்து?

ஈரக் காட்டன் பட்ஸால் சுற்றிலும் உள்ள பசைக் கறையைத் துடையுங்கள். விட்டால் மேட் கோட்டின் கீழ் பழுப்பாகத் தெரியும். ஓரிரவு காயவிட்டு, மெல்லிய கிளாஸ் ஒன்றை மேலே அடித்துப் பூட்டுங்கள். பிறகு பேனல் கோட்டுக்கு வாஷ் (கோட்டுக்குள் ஓடவிடும் நீர்த்த பெயிண்ட்), கடைசியில் மேட். தமியா டி.எஸ். வகை ஸ்ப்ரேயை முதல் கையிலேயே ஈரமாக அடித்தால் டெக்கால் சுருங்கும். தூரத்திலிருந்து இரண்டு மூன்று உலர் தூவல் கொடுத்தபின் ஈரக் கோட்.

கோணலாக ஒட்டிவிட்டேன், காய்ந்தும்விட்டது.

சாஃப்ட்னர் போடாத நிலை என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த டிஷ்யூவைப் பத்து நிமிடம் மேலே போட்டு, ஓரத்தில் பிரஷ்ஷால் தண்ணீர் செலுத்துங்கள். பல நேரம் நகரும். சாஃப்ட்னர் போட்டு இறுகியது நகராது. செலோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று உரியுங்கள், மீதியை மைக்ரோ சோல் தோய்த்த பட்ஸால் தேயுங்கள். கீழே கிளாஸ் இருந்தால் கமஃபிளாஜ் தப்பும். அந்த இடத்தில் மட்டும் மறுபடி கிளாஸ் அடித்து, மீதி ஷீட்டில் மாற்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.